ஓரம் தெரியாத சமையலறை

அந்த ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னல்கள் ஐந்து. மூன்றாவது ஜன்னலுக்குப் பின்னால் அவள் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தாள். அதனால் கூட வேலை செய்தவர்களுக்கும் தினம் வந்துபோகிறவர்களுக்கும் அவள் ‘மூணாம் நம்பர் அக்கா’. கை வேகம், வாய் அதைவிட வேகம். வரிசையில் யாராவது முணுமுணுத்தால் தலையைத் தூக்காமலே, “அவசரப்படாதீங்க தம்பி, ரயில் எப்பவும் உங்களைவிட லேட்டாத்தான் வரும்” என்பாள். வரிசையே சிரித்துவிடும்.

அந்த ஜன்னல் ஒரு முழம் அகலம். எதிரே ஒரே ஒரு முகம் தெரிந்தால் போதும், வேலை நடந்துவிடும். பக்கத்தில் என்ன இருக்கிறது, யார் நடக்கிறார்கள் என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கடைசி பதினோரு வருஷம் அவள் வேலையைக் காப்பாற்றிக்கொடுத்தது அந்த ஒரு முழம்தான். ஆனால் அது வெளியில் யாருக்கும் தெரியாது.

நாற்பத்தொன்பதாவது வயதில், அடிக்கடி தலை வலிக்கிறதே, கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தனியாகத்தான் போனாள். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, அது பின்னால் இருக்கிற நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருக்கிறது என்றார். வலிக்காது, சிவக்காது, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே நடுவுக்கு வரும். போனது போனதுதான்; இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம். எழுந்து வரும்போது கடைசியாக ஒன்று சொன்னார்.

“இது குடும்பத்துல வர்ற நோய்மா. உங்க பொண்ணைக் கட்டாயம் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. சின்ன வயசுதானேன்னு விட்டுடாதீங்க.”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். கூட்டிக்கொண்டு போகவில்லை.

கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. மகளுக்கு அப்போது இருபத்துமூன்று வயது, கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கண் நோய்க் குடும்பம் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் என்ன ஆகும் என்று பயந்தாள். கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். முடிந்தது. அதற்குள் ஆபீசில் தனக்குப் பதவி உயர்வு வருகிற சமயம். கண்ணில் கோளாறு என்று தெரிந்தால் பின்னறையில் கட்டுக் காகிதங்களோடு உட்கார வைத்துவிடுவார்கள். அதுவும் முடியட்டும் என்றிருந்தாள். அதன் பிறகு சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், ‘இத்தனை நாள் ஏன் சொல்லலை?’ என்ற கேள்வி முன்னால் வந்து நின்றது. வருஷம் கூடக் கூட அந்தக் கேள்விதான் நோயைவிடப் பெரிதாக வளர்ந்தது. வீட்டில் சொட்டு மருந்தைப் பார்த்துக் கேட்டவர்களிடம், கண் எரிச்சலுக்கு என்று சொல்லிவைத்தாள். பரிசோதனைக்குப் போனால் இன்னும் எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார்களே என்று, சில வருஷம் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. மருந்தும் விட்டுவிட்டுத்தான்.

ஓய்வு பெறும்போது அவள் பார்வை ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல ஆகியிருந்தது. நடுவில் ஒரு வட்டம், அதற்கு வெளியே ஒன்றுமில்லை. இருட்டுகூட இல்லை, ஒன்றுமில்லை.

ஆனாலும் வீட்டில் அவள் தடுமாறி யாரும் பார்த்ததில்லை. முக்கியமாகச் சமையலறையில். பழைய சமையலறை அது. எட்டடி நீளம், ஆறடி அகலம், புகை ஏறிப் பழுப்பான சுவர், கறுப்புக் கல் போட்ட மேடை. வாசலிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் அடுப்பு. இடது கைக்கு உப்பு, அதற்கு அடுத்து எண்ணெய். வலது முழங்கை இடிக்கிற இடத்தில் குழாய். மேடையின் முனை உடைந்து மொட்டையாக இருக்கும்; அதைத் தொட்டால் கத்தி எங்கே என்று கைக்குத் தெரியும். அடுப்பின் திருகை ஒரு சுற்றுச் சுற்றி, சீறல் சத்தத்தை வைத்தே தீ எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். அலுமினியப் பாத்திரங்கள் எல்லாம் கனத்தை வைத்தே அடையாளம். கண்ணை மூடிக்கொண்டு சமைப்பேன் என்று பெண்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். அவள் நிஜமாகவே அப்படித்தான் சமைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஓய்வு பெற்ற அன்று மகள் ஒரு சுருட்டின காகிதத்தோடு வந்தாள். மகளுக்கு ஒரு கட்டடக் கம்பெனியில் வீட்டு வரைபடம் போடுகிற வேலை. ஊரில் எத்தனையோ பேர் வீட்டுக்கு அடுக்களை வரைந்திருக்கிறேன், என் அம்மா மட்டும் புகை பிடித்த பொந்துக்குள்ளேயே நிற்கிறாளே என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். காகிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, நாலு மூலையிலும் டம்ளர் வைத்து, விரலால் காட்டிக் காட்டிச் சொன்னாள். இந்தச் சுவரை எடுத்துவிடுகிறோம், சிங்க் ஜன்னலுக்குக் கீழே போகிறது, மேலே கீழே முழுக்க மாடுலர் கப்போர்டு, எல்லாம் வெள்ளை. பளிச்சென்று இருக்கும்.

அவளுக்குக் காகிதத்தில் மகளின் விரல் நுனியும் அதைச் சுற்றி நாலு கோடும்தான் தெரிந்தன. விரல் போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டே, “நல்லா இருக்கு கண்ணு” என்றாள். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் சொல்லக்கூடிய காரணம் ஒன்றுமில்லை. சொல்ல முடியாத காரணம்தான் இருந்தது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து இரண்டு வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு; கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் மட்டும் முகம் மலரும். வீட்டில் வேலை நடக்கப்போகிறது என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

சாமான் வாங்க மூன்று பேருமாகப் போனார்கள். பெரிய கடை. உள்ளே போனதும் கண் கூசுகிற வெளிச்சம். வரிசை வரிசையாக அடுப்பும் ஓவனும் சிம்னியும் பாத்திரம் கழுவுகிற மெஷினும். நடுநடுவே ஸ்டூல், அட்டைப் பெட்டி, விளம்பரப் பலகை. அவள் கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ரிடையர் ஆனதும் அம்மாவுக்குக் காதல் வந்துவிட்டது என்று மகள் கிண்டல் செய்தாள். அவளும் கூடவே சிரித்தாள்.

கடைக்காரர் வாய்ச்சாலக்காரர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒரு கறுப்புக் கண்ணாடிப் பலகையின் முன்னால் நிறுத்தினார். இண்டக்ஷன் அடுப்பு. நாலு பாத்திரம் வைக்கலாம், தீயே கிடையாது, விரலால் தொட்டால் சூடேறும், தொட்டால் அணையும், துடைத்தால் முகம் பார்க்கலாம் என்றார். மகளுக்குப் பிடித்துவிட்டது. வயதான காலத்தில் கேஸ் சிலிண்டரோடு அம்மா மல்லுக்கட்ட வேண்டாம் என்பது அவள் கவலை.

அம்மா கையை வைத்துப் பார்த்தாள். வழவழவென்று ஐஸ் மாதிரி இருந்தது. எங்கே தொடுவது என்பதற்கு ஒரு மேடோ பள்ளமோ இல்லை. விரல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அடுத்த வரிசையில் திருகு வைத்த சாதா அடுப்பு ஒன்று இருந்தது. அதன் திருகைத் திருப்பினாள். ‘டக்’கென்று விழுந்தது. இன்னொரு தடவை திருப்பினாள்.

“இதை எடுத்துக்கலாமே” என்றாள்.

“அம்மா, அது வாடகை வீட்டுக்கு வாங்கிப்போடற அடுப்பும்மா.”

“திருகு நல்லாத் திரும்புதே.”

“நீ என்ன ரேடியோவா வாங்க வந்திருக்கே?” என்றாள் மகள். கடைக்காரர் சத்தம் போட்டுச் சிரித்தார். கணவரும் சிரித்தார். மூணாம் நம்பர் அக்கா திருகை விட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். கண்ணாடி அடுப்புதான் வண்டியில் ஏறியது.

சுவரை இடித்த வாரம் பொழுதை ஓட்டுவதே பெரும்பாடாக இருந்தது. பின்பக்க வராந்தாவில் ஒரு சின்ன அடுப்பை வைத்துச் சமையல். வீடு முழுக்கத் தூசி, மணல், டைல்ஸ் பெட்டிகள். நேற்று இருந்த இடத்தில் இன்றைக்கு எதுவும் இல்லை. இரண்டு நாளில் அவள் முழங்காலில் நாலு இடத்தில் நீலம் கட்டிவிட்டது. டைல்ஸ் போட வந்தவர் நடுவயதுக்காரர், வேலையில் குனிந்த தலை நிமிராதவர். மூன்றாம் நாள் அவருக்கு டீ கொண்டுவந்தவள், வழியில் இருந்த சிமெண்ட் சட்டியில் காலை விட்டு, டீயோடு விழப்போனாள். அவர் எட்டிப் பிடித்தார். சட்டி சிறியது இல்லை, நடுவழியில் இருந்தது, நல்ல பகல். அவர் அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்.

“அக்கா, உங்களுக்குப் பக்கவாட்டுல தெரியலையா?” என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் உள்ளே ஒருமுறை காது கொடுத்துக் கேட்டாள். யாரும் வரவில்லை. “வீட்ல சொல்லிடாதீங்க” என்றாள்.

அவர் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து தன் சட்டி, கொத்துக் கரண்டி, மட்டம் பார்க்கிற ரசமட்டம் எல்லாவற்றையும் ஒரே சுவரோரமாக வைக்க ஆரம்பித்தார். வேலை முடிந்து போகும்போது, பாதை சுத்தமாக இருக்கிறது என்று அவள் காதில் படும்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். பதினோரு வருஷத்தில், ஆஸ்பத்திரிக்கு வெளியே அவள் ரகசியம் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். வேலை முடிந்து அவர் கிளம்பின அன்றைக்கு, சொந்தத் தம்பியை ஊருக்கு அனுப்புகிறமாதிரி வாசல்வரை வந்து நின்றாள்.

சமையலறை முடிந்தது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். வெள்ளைச் சுவர், வெள்ளைக் கப்போர்டு, வெள்ளை மேடை, வெள்ளைத் தரை. கைப்பிடிகூடக் கிடையாது, அழுத்தினால் திறக்கும். மகள் அதை அவ்வளவு ஆசையோடு செய்திருந்தாள். ஒவ்வொரு டிராயரையும் அம்மாவின் இடுப்பு உயரம் பார்த்து வைத்திருந்தாள், குனிய வேண்டாம் என்று.

அம்மாவுக்கு அது பனிமூட்டத்துக்குள் போய் நிற்பதுபோல இருந்தது. மேடை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்ட ஒரு கோடு கிடையாது. முதல் நாளே மேடையில் வைப்பதாக நினைத்து ஒரு பீங்கான் தட்டைக் காற்றில் வைத்தாள். தண்ணீர் பிடிக்கப் போய்ப் பழைய இடத்தில் குழாயைத் தேடினாள். பழைய அலுமினியப் பாத்திரங்கள் அந்த அடுப்பில் சூடேறாது என்று எல்லாவற்றையும் கொடுத்தாயிற்று. புதுசெல்லாம் ஒரே கனம். அடுப்பு ‘பீப்’ என்று கத்தும். ஏற்றியதற்கும் அதே பீப், இறக்கியதற்கும் அதே பீப். பால் பொங்கியது, சோறு அடிப்பிடித்தது, ஒரு நாள் முட்டை தண்ணீர் வற்றி வெடித்தது. கணவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். புது அடுப்பு, கை பழக வேண்டாமா என்று அவரே அவளுக்குச் சமாதானம் சொன்னார்.

அவளும் சும்மா இருக்கவில்லை. பசையைத் துளித்துளியாக அடுப்புக் கண்ணாடியில் வைத்துக் காயவிட்டாள். ஏற்ற ஒரு துளி, இறக்க இரண்டு, அணைக்க மூன்று. விரலால் தடவினால் தெரிந்துவிடும். அதைக் கண்டுபிடித்த பிறகு நாலு நாள் சமையல் ஒழுங்காக நடந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த மகள், என்னம்மா இது, அழுக்கு இப்படிக் காய்ந்து கிடக்கிறதே என்று பிளேடை வைத்துச் சுரண்டி, பளபளவென்று துடைத்துக் கொடுத்துவிட்டாள். அம்மா வாசலில் நின்று அந்தச் சுரண்டல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் அது நடந்தது.

மகள் துடைத்து முடித்துவிட்டுத் திரும்பினாள். இடது பக்கம் மேல் கப்போர்டின் கதவு திறந்திருந்தது. ‘ணங்’கென்று இடித்துக்கொண்டாள். தன் வடிவமைப்பைத் தானே திட்டிக்கொண்டு நெற்றியைத் தேய்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பேசிக்கொண்டே டம்ளரில் தண்ணீர் ஊற்ற, இடது பக்கம் இருந்த சீசாவைத் தட்டிவிட்டாள். அது உருண்டு விழுந்து உடைந்தது. குனிந்து பொறுக்கி எழுந்தபோது மறுபடியும் அதே கதவு, அதே இடம்.

அம்மா இரண்டு எட்டு உள்ளே வந்தாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். அவசரத்தில் இடித்துக்கொள்கிறவர்கள் கடைசி நொடியிலாவது தலையைச் சாய்ப்பார்கள், சத்தம் வழுக்கிக்கொண்டு போகும். அங்கே ஒன்று இருக்கிறது என்றே தெரியாதவர்கள்தான் இப்படி நேராக, முழுசாக இடிப்பார்கள். பதினோரு வருஷத்துக்கு முன் அவள் இப்படித்தான் இடித்துக்கொண்டாள்.

“கண்ணு, இங்கே வா. எனக்கு எதிர்ல நில்லு.”

“என்னம்மா?”

“வலது கண்ணைக் கையால பொத்திக்கோ. என் மூக்கையே பாரு. கண்ணை அசைக்காதே.”

மகள் சிரித்துக்கொண்டே பொத்தினாள். பொத்திய மறுநொடி அவள் சிரிப்பு நின்றதை அம்மா கேட்டாள். ஆஸ்பத்திரியில் தனக்குச் செய்ததுபோலவே, ஒரு விரலை நீட்டி மகளின் இடது காதுப் பக்கத்திலிருந்து மெதுவாக உள்ளே கொண்டுவந்தாள்.

“விரல் தெரியுதா?”

“இல்ல.”

“இப்போ?”

“இல்லம்மா. எங்கே வெச்சிருக்கே?”

இன்னும் கொண்டுவந்தாள். காது தாண்டி, கன்னம் தாண்டி, கிட்டத்தட்டத் தன் மூக்குக்கு நேராகவே விரல் வந்துவிட்டது.

“இப்போ தெரியுது” என்றாள் மகள். குரல் சிறுபிள்ளையின் குரலாக இருந்தது. ஒரு கண்ணை மூடி அவள் ஒருபோதும் பார்த்ததில்லை. ஒரு கண் விட்டதை இன்னொரு கண் மூடிமறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. “என்னம்மா இது? எனக்கு என்னம்மா?”

அங்கேயே, உடைந்த சீசாத் துண்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, அவள் தன் கண்ணைப் பற்றிச் சொன்னாள். தனக்கு நடுவில் ஒரு வட்டம் தவிர ஒன்றும் தெரியாது என்பதை, பசைத் துளி எதற்கு என்பதை, கடையில் திருகைத் திருப்பிப் பார்த்ததை. கணவர் ஹாலிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். எல்லாவற்றையும் சொன்னவள் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மகளைக் கூட்டிவரச் சொல்லி டாக்டர் அன்றைக்கே சொன்னதை.

அந்த வாரமே மூன்று பேரும் அதே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பழைய டாக்டர் இல்லை, இளவயது டாக்டரம்மா. அரைநாள் பரிசோதனை நடந்தது. மகளின் இடது கண்ணில் நடுவில் ஒரு துண்டுதான் மிச்சம். வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது, ஆனால் அதைக் காப்பாற்றிவிடலாம் என்றார். மகள் அழவில்லை. வரைபடம் போடுகிறவள் அல்லவா, தன் கண்ணுக்கு எடுத்த படத்தைக் கையில் வாங்கி, கறுப்பு எங்கே, வெள்ளை எங்கே என்று நிதானமாகப் பார்த்தாள். எத்தனை வருஷமாக இருந்திருக்கும் என்று கேட்டாள். பத்து வருஷமாவது இருக்கும், அப்போதே வந்திருந்தால் இந்தக் கண்ணும் தங்கியிருக்கும் என்றார் டாக்டரம்மா. அம்மாவுக்கும் இதே நோயா, இங்கேதான் காட்டினாரா என்று கேட்டு, பழைய ஃபைலை வரவழைத்தார். புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். ஃபைலை மேசையில் வைத்துவிட்டு ஏதோ எழுத ஆரம்பித்தார்.

மகள் அதை எடுத்துப் படித்தாள். மகளைப் பரிசோதனைக்கு அழைத்து வருமாறு நோயாளியிடம் சொல்லப்பட்டது. கீழே தேதி. அடுத்த வருஷம் அதே வரி, வேறு தேதி. அதற்கடுத்த முறையும்.

வெளியே வராந்தாவில் நீள பெஞ்சு. யாரும் உட்காரவில்லை.

“பதினோரு வருஷம்மா” என்றாள் மகள். கத்தவில்லை. வேறு ஏதாவது சொல்லப்போகிறாள் என்று அம்மா காத்திருந்தாள். மகள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். இடது பக்கக் கைப்பிடியைத் தேடிப் பிடித்துக்கொண்டு இறங்குகிற செருப்புச் சத்தம் கீழே போய் மறைந்தது.

அதன் பிறகு இரண்டு மாதம் மகள் வரவில்லை. அப்பாவுக்கு மட்டும் போன் செய்வாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ‘ம்’, ‘சரி’, ‘மருந்து போட்டியா’ என்ற மூன்று சொல்லில் அப்பாவும் மகளும் பேசி முடிப்பார்கள்.

கணவர் அவளைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்றுகூட அவளுக்கு இருந்தது. அவர் பாட்டுக்குச் சமைக்க ஆரம்பித்தார். ஒரு நாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார். “லிஃப்ட்ல ஒரு சின்ன வித்தியாசமான சத்தம் வந்தாக்கூட நிறுத்திட்டு இறங்கிப் பார்ப்பேன். முப்பத்தஞ்சு வருஷம் பக்கத்துலயே படுத்திருக்கேன். உனக்குத் தெரியலைன்னு எனக்குத் தெரியலையே.”

அவள் அவர் தோளில் கை வைத்தாள். வேறென்ன செய்ய. அந்த நாட்களில் அவள் பெரும்பாலும் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் வைத்திருந்தவள், ‘ஏன் சொல்லலை?’ என்று தன்னிடம் தானே கேட்டுக்கொண்டாள். கல்யாணம், பதவி, பயம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தாள். அந்தந்த நாளில் ஒவ்வொன்றும் மலைபோல இருந்தது. இப்போது எடுத்தால் கையில் ஒன்றுமே நிற்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் கதவு திறந்தது. மகள் நேராகச் சமையலறைக்குப் போனாள். அளக்கிற டேப்பை இழுத்துவிடும் சத்தம் கேட்டது. அம்மா மெதுவாக எழுந்து போய் நிலைப்படியில் நின்றாள்.

“மேடை விளிம்பு பூரா கறுப்புக் கல்லுல பட்டை கொடுக்கப்போறேன்” என்றாள் மகள், யாரோ வீட்டுக்காரரிடம் பேசுகிறமாதிரி. மேல் கப்போர்டுக்கெல்லாம் திறக்கிற கதவு வேண்டாம், தள்ளுகதவு போடலாம். டிராயருக்குக் கைப்பிடி. தரையில் நடக்கிற வழி மட்டும் சொரசொரப்பு டைல்ஸ். கண்ணாடி அடுப்பைக் கழற்றிவிட்டுத் திருகு வைத்த அடுப்பு. அணைந்தால் தானே கேஸ் நின்றுபோகிறமாதிரி ஒன்று பார்த்துவைத்திருக்கிறேன் என்றாள்.

“எனக்காக இவ்வளவு செலவு வேண்டாம் கண்ணு. இருக்கிற வரைக்கும் ஓட்டிக்கிறேன்.”

டேப் சர்ரென்று உள்ளே போய் நின்றது.

“உனக்காக மட்டும் இல்லம்மா. எந்த உயரம், எந்த நிறம் ஒத்துவருதுன்னு எனக்குத் தெரியணும். நாளைக்கு என் வீட்லயும் போடணும்ல.”

அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். மகள் அளவை முணுமுணுத்துக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தாள்.

வேலை ஒரு வாரத்தில் முடிந்தது. அதே டைல்ஸ்காரர்தான் வந்தார். கறுப்புப் பட்டையை விரல் நகத்துக்குத் தட்டுப்படுகிறமாதிரி ஒரு நூல் அளவு உயர்த்தி ஒட்டிக்கொடுத்தார். மகளின் வலது கண் அப்படியே நிற்கிறது. காலையும் மாலையும் மருந்து, ஆறு மாதத்துக்கொரு பரிசோதனை. ஆபீசில் தன் மேசையை இடது பக்கம் சுவர் வருகிறமாதிரி மாற்றிப்போட்டுக்கொண்டு இன்னமும் வரைகிறாள். அம்மாவின் வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து, இரண்டு வருஷத்தில் வெளிச்சம் எது, நிழல் எது என்று சொல்கிற அளவில் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வருவாள். இருவருமாகச் சமைப்பார்கள். விலைவாசி பேசுவார்கள், மாப்பிள்ளையின் குறட்டையைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள், டிவியில் கேட்ட செய்தியைப் பேசுவார்கள். அந்த ஒன்றை மட்டும் பேசுவதில்லை. மன்னித்துவிட்டாளா என்று அம்மாவுக்குத் தெரியாது. மகளுக்கே தெரியுமோ என்னவோ. சில நாள் கிளம்பும்போது அம்மாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போவாள். சில நாள் “வரேன்” என்பதோடு சரி.

ஒரே ஒரு தடவை, காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா ஆரம்பித்தாள். “அன்னைக்கே உன்னைக் கூட்டிட்டுப் போயிருந்தா…”

“வேண்டாம்மா” என்றாள் மகள். “கையைப் பார்த்து நறுக்கு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. பிறகு மகள் பக்கத்தில் வந்து, அம்மாவின் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டு, மீதிக் காயைத் தானே நறுக்கினாள். அம்மா தள்ளி நிற்காமல், மகளின் இடது பக்கமாகப் போய் நின்றுகொண்டாள்.